காலண்டர் மாளிகையின் பின்பக்கம்

கரட்டுப்பட்டியில் குணசீலன் முதலாளி கட்டிய இங்கிலீஷ் மாளிகைக்குப் பின்பக்கம் வந்து சேர்ந்தது ஓர் ஐப்பசி மாதக் காலையில், முத்துப்பேச்சி தன் ஒன்றேகால் ஏக்கர் புஞ்சையில் மிளகாய்க்கு முதல் களை எடுத்து முடித்த மறுநாள். வந்தது என்றால் யாரும் கட்டி வந்ததல்ல, லாரியில் ஏற்றி வந்ததுமல்ல. ஆட்டைத் திறந்துவிட எழுந்தவள் கதவைத் திறந்தபோது, நேற்றுவரை செடி நின்ற இடத்தில் சமையல்கட்டும், சமையல்கட்டுக்கு அடுத்துப் பாத்திரம் கழுவுகிற கட்டும், அதற்கடுத்து வெண்ணெய் கடைகிற கட்டும், சலவைக்கட்டும், குதிரை லாயமும், குதிரையைவிடக் கொஞ்சம் குறைந்த வசதியில் வேலைக்காரர்கள் படுக்கிற மாடியறைகளும், அத்தனைக்கும் மேலே வரிசையாய்ப் புகைக்கூண்டுகளும், தேன்நிறக் கல்லில், பாசி படிந்து, முந்நூறு வருஷமாய் அங்கேயே நின்று அலுத்துப்போன மாதிரி நின்றுகொண்டிருந்தன. அரசாங்கம் கட்டிக்கொடுத்திருந்த அவளுடைய தொகுப்பு வீட்டை மட்டும் அது இடிக்கவில்லை. சுற்றிவர நின்றுகொண்டு, நடுவில் கல் பாவிய முற்றத்தில், அந்த இரண்டறை வீட்டையும் ஆட்டுக்கொட்டிலையும் அப்படியே விட்டுவைத்திருந்தது. சீமையிலிருந்து வந்தது இல்லையா, நாசூக்கு தெரிந்திருந்தது.

முத்துப்பேச்சி புகைக்கூண்டுகளை அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்து, தரையில் பாவியிருந்த கல்லைக் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே படுத்திருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, எந்திரிங்க. மொளகாச் செடி மேல யாரோ வீட்டக் கொண்டாந்து வச்சிருக்காக."

அய்யாத்துரை கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, நிதானமாய்க் கொட்டாவி விட்டான்.

"பெரிய வீடுதான்," என்றான்.

இது நடந்ததற்கு முகாந்திரம் என்று ஏதாவது சொல்லவேண்டுமானால் காலண்டரைத்தான் சொல்லவேண்டும். குணசீலன் முதலாளி கல் குவாரியும் கிரஷரும் வைத்திருந்தவர். ஊருக்குப் பெயர் கொடுத்த கரட்டையே ஜல்லியாக்கி விற்றுவிட்டு, கரடு நின்ற இடத்தில் பெரிய பள்ளத்தையும், தன் வாசலில் பெரிய காரையும் நிறுத்தியிருந்தவர். அவருக்கு அரிசிக்கடைக்காரர் ஒருவர் புதுவருஷத்துக்குக் கொடுத்த தினசரி காலண்டரில், இங்கிலாந்து தேசத்தில் எவனோ ஒரு பிரபுவின் கல் மாளிகைப் படம் இருந்தது. முக்கோண முகடுகள், கல்சட்டம் வைத்துப் பிரித்த உயர உயரமான ஜன்னல்கள், கொடி படர்ந்த சுவர், முன்னால் பச்சைப் பாய் விரித்த மாதிரி புல்வெளி. தினமும் தேதியைக் கிழித்துக் கிழித்து அந்தப் படத்தைப் பார்த்த முதலாளிக்கு, தான் இத்தனை நாள் குடியிருந்தது வீடே இல்லை என்று பட்டுவிட்டது. மேஸ்திரி அருளப்பனைக் கூப்பிட்டு, காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தார்.

"இப்பிடியே வேணும். படத்துல இருக்கது ஒண்ணு கொறையக் கூடாது, இல்லாதது ஒண்ணு கூடக் கூடாது."

முதலாளியிடம் திருப்பிக் கேள்வி கேட்கிற பழக்கம் கரட்டுப்பட்டியில் கிடையாது. சொன்னதைச் செய்வது, செய்தபிறகு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சிரிப்பது, அதுதான் ஊர் வழக்கம். அருளப்பனும் படத்தில் இருந்ததைக் கட்டினார். படத்தில் வலது ஓரம் ஒரு ஜன்னலின் பாதியோடு அச்சு முடிந்திருந்தது, ஆகவே வலது ஓரத்தில் அரை ஜன்னல் வைத்து வீட்டை முடித்தார். படத்தில் சமையல்கட்டு தெரியவில்லை, வைக்கவில்லை. கக்கூஸ் தெரியவில்லை, வைக்கவில்லை. முன்கதவு தெரிந்தது, வைத்தார். பின்கதவு தெரியவில்லை, கருங்கல்லால் கெட்டியாய்ச் சுவர் எழுப்பி அடைத்தார். மாடி ஜன்னல்கள் தெரிந்ததால் மாடி கட்டினார். மாடிப்படி தெரியாததால் மாடிப்படி கட்டவில்லை. படத்துக்குக் கீழே அரிசிக்கடைப் பெயர் இருந்ததே, அதையும் எழுதவேண்டுமா என்று மட்டும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். முதலாளி யோசித்து, அந்த இடத்தில் தன் பெயரைப் போடச் சொன்னார். உள்ளூர்க் கருங்கல்லுக்குப் படத்தில் இருந்த நிறம் வராததால், மஞ்சள் டிஸ்டம்பரில் கொஞ்சம் காவி கலந்து இரண்டு கோட்டிங் அடித்ததில், பார்த்தால் இங்கிலாந்தேதான். கிரகப்பிரவேசத்துக்குப் பசுமாட்டை முன்கதவு வழியாய் உள்ளே கொண்டுபோனார்கள். அது பத்தடி நடந்ததும் சுவர் வந்துவிட்டது. மாடு திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே நடந்து வெளியே வந்ததை, ராஜ நடை என்று ஊர் பாராட்டியது. பால் புல்வெளியில் மூன்று செங்கல் வைத்துக் காய்ச்சப்பட்டது.

அப்படி ஒரு முன்பக்கம் எத்தனை நாளைக்குத் தனியாய் நிற்கும்? பின்பக்கம் வந்துவிட்டது. ஊர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. டீக்கடை ராமுக்கண்ணு, "முன்னால கட்டிப்போட்டா பின்னால வரத்தான செய்யும், இம்புட்டு லேட்டா வந்ததுதான் ஆச்சரியம்," என்று சொன்னதோடு சரி. எங்கிருந்து வந்தது, இங்கிலாந்தில் யாருடைய மாளிகை இப்போது பின்பக்கம் இல்லாமல் நின்று முழிக்கிறது என்றெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. வந்ததை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் பார்த்தார்கள். பாத்திரம் கழுவுகிற கட்டின் கல்தொட்டி கல்யாண வீட்டு இட்லிக்கு அரிசி ஊறப்போட வாகாய் இருந்தது. பனிக்கட்டி வைக்கிற நிலவறைக்கு ஊர் இளவட்டங்கள் ஒரு உபயோகம் கண்டுபிடித்தார்கள், அதைத் தாய்மார்களிடம் சொல்லவில்லை. கூரைத் தண்ணீர் விழுகிற தூம்புகளில் ஒன்று வாய் பிளந்த கல்முகமாய்ச் செதுக்கியிருந்தது. அதற்கு ஒருத்தி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள், ஒருத்தி தொட்டில் கட்டினாள், அடுத்த செவ்வாய்க்கிழமை தூம்புச்சாமி ஒரு சேவல் சாப்பிட்டார். கட்சிக்காரர்கள் பின்பக்கத்தை வருக வருக என்று வரவேற்று ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் ஏழு முகங்கள் இருந்தன, பின்பக்கத்தின் படம்தான் இல்லை.

முத்துப்பேச்சி மட்டும் எல்லாரிடமும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மாமனார் காலத்தில் அரசாங்கம் கொடுத்த நிலம் அது. ஊருக்குக் கிழக்கே, ஊரோடு ஒட்டாமல் கிடந்த காலனியில், காடு என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வைத்திருந்த மூன்று குடும்பங்களில் அவளுடையது ஒன்று. அந்த ஒன்றேகால் ஏக்கரில் விளைகிற மிளகாய் வற்றல்தான் அவள் வீட்டில் வருஷம் முழுக்க உலையை ஏற்றியது. அதற்கு வடக்கே இருந்த தரிசைத்தான் முதலாளி வாங்கி மாளிகை கட்டியிருந்தார்.

"சாமி கும்புடுங்க, அரிசி ஊறப்போடுங்க, நான் ஒண்ணுஞ் சொல்லல. எம் மொளகாக்காடு எங்க? அதச் சொல்லுங்க."

கிராம நிர்வாக அதிகாரி சங்கிலி பிடித்து அளந்து பார்த்தார். மாளிகையின் முன்பக்கம் முழுக்க முதலாளி பட்டாவில், பின்பக்கம் முழுக்க முத்துப்பேச்சி பட்டாவில், இம்மி பிசகாமல் எல்லைக்கல் மேலேயே வந்து ஒட்டியிருந்தது. பயிர் அழிந்ததற்கு நிவாரணம் கேட்டாள். வெள்ளம், வறட்சி, புயல், பூச்சி ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றால் அழிந்திருந்தால் கொடுக்கலாம், மாளிகையால் அழிந்ததற்கு அரசாணை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திங்கள்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் காலையிலிருந்து நின்று மனுக் கொடுத்தாள். மனு மேலே போயிற்று, பக்கவாட்டில் போயிற்று, கீழே இறங்கி வந்தது. வந்ததன் பலனாய், நாற்பது அறை உள்ள கல் கட்டடம் அவள் நிலத்தில் இருப்பது விசாரணையில் தெரியவந்திருப்பதால், அவள் குடும்பத்துக்கு இனி ரேஷனில் இலவச அரிசி கிடையாது என்று முடிவானது. நாற்பது அறைக்குச் சொந்தக்காரி வெறும் பையோடு ரேஷன் கடையிலிருந்து திரும்பி வந்ததை ஊர் பார்த்தது.

ரேஷன் கடைக் கணக்கில் பின்பக்கத்துக்கு அவள்தான் சொந்தக்காரி. குணசீலன் முதலாளிக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் புல்வெளியில் நாற்காலி போட்டு ஊர்க்கூட்டம் கூட்டினார்.

"முன்னால எவன் கட்டுனானோ, பின்னால அவனுக்குத்தான். மாட்டுத் தலைய வாங்குனவன் வாலுக்குத் தனியாவா பேரம் பேசுவான்?" என்றார்.

கூட்டம் தலையை ஆட்டியது. இருந்தாலும் சட்டப்படி ஏதாவது ஒரு பேச்சு வேண்டுமே என்று, ஹைஸ்கூலில் இங்கிலீஷ் எடுக்கிற தேவசகாயம் வாத்தியாரைக் கூட்டி வந்திருந்தார்கள். வாத்தியார் வீட்டைச் சுற்றிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். அந்த நாட்டில் பெரிய வீடுகளை இரண்டாய்த்தான் கட்டுவார்களாம். கண்ணில் படவேண்டியவர்களுக்கு முன்பக்கம், படக்கூடாதவர்களுக்குப் பின்பக்கம். சமைப்பவள், துவைப்பவள், கரி சுமப்பவன், பிரபுவின் மூத்திரச் சட்டியை எடுத்துப்போகிறவள், இவர்களெல்லாம் போய்வரச் சுவருக்குள் சுவராய் ஒளித்துக் குறுகலாய்ச் சுழல்படி வைத்திருப்பார்களாம். மாடியில் அந்தப் படி முடிகிற இடத்தில் ஒரு கதவு, கதவு முழுக்கக் கனத்த பச்சைத் துணி, பின்பக்கத்துச் சத்தம் முன்பக்கத்துக் காதில் விழாமல் இருப்பதற்கு. முன்பக்கத்து அறைகளில் கயிறு தொங்கும், இழுத்தால் பின்பக்கத்தில் மணி அடிக்கும், ஆள் ஓடவேண்டும்.

கூட்டத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. இத்தனை காலமாய் வெள்ளைக்காரன் என்றால் சமத்துவம், சட்டம், எல்லாரும் ஒரே பெஞ்சு என்று பயந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். டீக்கடை ஆணியில் காலனிக்காரர்களுக்கென்று தனித் தம்ளர் தொங்கிய, மேலத்தெருவுக்குள் அவர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த காலத்தை ரகசியமாய் ஏங்கிக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

"அட, அவனும் நம்ம ஆளுதானா!" என்றார் ராமுக்கண்ணு, கண் கலங்காத குறையாய்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாய் நடந்தது. பின்பக்கம் வேலைக்காரர்களுக்கு என்று சீமையிலேயே எழுதிவைத்துவிட்டதால், காலனிக்காரர்களை வேலைக்கு வைத்தார் முதலாளி. அதில் முதல் ஆளாய்ப் போய் நின்றவன் அய்யாத்துரை. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் கொடுத்து, மணி அடித்தால் ஓடுகிற வேலையில் அவனைப் போட்டார்கள். ஐப்பசிப் புழுக்கத்திலும் அவன் கோட்டைக் கழற்றவில்லை. சமையல்கட்டுச் சுவரில் வரிசையாய் மணிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அறைக்கு, சுருள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. கம்பிகள் சுவரைத் துளைத்துக்கொண்டு தாமாகவே முன்பக்கத்து மாடி வரைக்கும் போயிருந்தன. சோற்றில் கைவைக்கும்போது மணி அடிக்கும். அய்யாத்துரை பிசைந்த கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு ஓடுவான்.

"எதுக்குங்க கூப்புட்டாரு?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"ஃபேன் போடச் சொன்னாரு."

"ஃபேனு சுச்சி எங்க இருக்கு?"

"அவரு தலமாட்டுலதான்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் கையுறையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பத்திரமாய்த் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அந்த மனுஷனை அவளுக்குப் பிடிக்கும். மிளகாய்க்காட்டில் அவளோடு சரிக்குச் சரி குனிந்தவன். இப்போது நிமிர்ந்து நிற்கிறானே, அதைப் பார்க்கத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு மத்தியானம், மழைக்குச் சுழல்படியில் ஏறி ஒதுங்கிய ஆடுகளை விரட்டிக்கொண்டு அவள் முதல்தடவையாய் அந்தப் படியில் ஏறினாள். கல்படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. செருப்பில்லாத அவள் கால் அந்தக் குழிகளில் சொல்லிவைத்த மாதிரி பொருந்தியது. பேர் தெரியாத எத்தனையோ பெண்கள் வாளியும் கரியும் சட்டியும் தூக்கிக்கொண்டு, இருட்டில் சுவரைத் தடவித் தடவி ஏறி இறங்கித் தேய்த்த குழி. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு குழியைக் கையால் தடவிப் பார்த்தாள். மாளிகையின் மேல் இத்தனை நாள் அவளுக்கு இருந்த கோபம் அன்று அங்கே பாதியாய்க் குறைந்தது. இதுவும் யாரோ பாடுபட்ட காடுதான் என்று தோன்றியது. மீதிப் பாதிக் கோபத்தை அவள் முதலாளிக்கென்று பத்திரமாய் வைத்துக்கொண்டாள்.

முதலாளி மாடியில்தான் படுத்தார். பிரபுக்கள் மாடியில்தான் படுப்பார்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஆனால் அருளப்பன் கட்டிய முன்பக்கத்தில் படி கிடையாது. ஆக, பிரபுவானவர் தினமும் சாயங்காலம் மாளிகையைச் சுற்றிக்கொண்டு வந்து, தோரண வாசல் வழியாய் முற்றத்தில் நுழைந்து, ஆட்டுப் புழுக்கையை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்து, முத்துப்பேச்சி வீட்டுக் கொடியில் காய்கிற சேலையை ஒதுக்கிவிட்டு, வேலைக்காரப் படியில் தலையைக் குனிந்து, தொப்பையை ஒருபக்கமாய்த் திருப்பி ஏறி, அருளப்பனின் கருங்கல் சுவரைத் துளைத்துக்கொண்டு தானாகவே வந்திருந்த பச்சைத் துணிக் கதவைத் திறந்து தன் பள்ளியறைக்குப் போய்ச் சேர்ந்தார். முன்பக்கத்திலேயே ஒரு படி வைத்துவிடலாமே என்று அருளப்பன் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். படத்தில் இருக்கிறதா என்று முதலாளி கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பதில் அவர் வேறொரு வழி கண்டுபிடித்தார். கார்த்திகைக் கடைசியில் அவர் மகளைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து ஒரு பெரிய ஜவுளிக்கடைக் குடும்பம் வருவதாய் இருந்தது. மாளிகையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள், மாடி மண்டபத்தில்தான் பேச்சு. முதலாளி முற்றத்துக்கு வந்து, முத்துப்பேச்சி வீட்டு வாசலில் நின்றார்.

"அவுங்க வர்ற அன்னிக்கு நீயும் ஒன் ஆடும் கண்ணுல படக் கூடாது. கம்மாக்கரைப் பக்கம் பத்திட்டுப் போயிரு. சம்மந்தம் முடிஞ்ச மறுவாரம் ஜேசிபி வரும். இந்த வீட்ட எடுத்துட்டு, நடுவுல ஒரு நீரூத்து வைக்கப் போறேன். ஒனக்குக் குவாரிப் பள்ளத்துல எடம் தாரேன்."

"பள்ளத்துலயா மொதலாளி? அங்க தண்ணியில்ல நிக்கிது."

"கோடையில நிக்காது."

"எம் பட்டா நெலம் மொதலாளி இது."

"பட்டாவ நீ வச்சுக்க, யாரு வேணாங்கா? நெலத்தத்தான கேக்கேன்," என்றார் முதலாளி. சொல்லிவிட்டு மேலே ஏறிப்போய் மணி அடித்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிய அய்யாத்துரை, கதவோரம் நின்ற பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் ஓடினான்.

பெண் பார்க்கிற நாள் வந்தது. முற்றத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். முத்துப்பேச்சி வீட்டை முழுசாய் மறைத்து, இரண்டு வாழைமரத்துக்கு நடுவே கல்யாண மண்டபத்து ஜமுக்காளத்தைக் கட்டியிருந்தார்கள். மதுரைக்காரர்கள் இரண்டு வேனில் இறங்கி, முன்பக்கத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். முன்பக்கம் அதற்காகத்தானே கட்டியது. பிறகு அவர்களைப் பக்கவாட்டு வழியாய் அழைத்துக்கொண்டு போனபோது, "இது பிரபுக்கள் பரம்பரையா ஏறுற ரகசியப் படி," என்று முதலாளி சொன்னதை அவர்கள் நம்பினார்கள். கனத்த உடம்புக்காரியான மாப்பிள்ளையின் தாயார் மூச்சு வாங்கிக்கொண்டே, "என்னா ஒரு ரகசியம்," என்றாள். எல்லாரும் மேலே போனார்கள். கிராம நிர்வாக அதிகாரியும் போனார். பச்சைக் கதவு மூடியது. அய்யாத்துரை கீழே பஜ்ஜித் தட்டோடு மணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் மழை பிடித்தது. கரிசல் பூமியில் கார்த்திகைக் கடைசி மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. கம்மாய்க் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள், மழை என்றால் எங்கே ஒதுங்கவேண்டும் என்று ஐப்பசியிலிருந்து பழகியிருந்தபடியால், முத்துப்பேச்சியைக் கேட்காமல் ஓட்டமாய் ஓடிவந்து, ஜமுக்காளத்தைக் கிழித்து, முற்றத்தைத் தாண்டி, சுழல்படியில் ஏறின. படிக்கு ஒன்றாய், சில படியில் இரண்டாய், அடியிலிருந்து பச்சைக் கதவு வரைக்கும் நெருக்கிக்கொண்டு படுத்து அசைபோட ஆரம்பித்தன. ஈரத் தலையோடு பின்னாலேயே வந்த முத்துப்பேச்சி, படியின் அடியில் வந்து நின்றாள். அவள் நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அத்தனையும் இறங்கிவிடும். அவள் சேலையைப் பிழிந்துவிட்டு, முதல் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மணி அடித்தது. பஜ்ஜி வேண்டுமாம். அய்யாத்துரை தட்டோடு வந்து, ஆடுகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஏ புள்ள, சத்தங் குடு. எறங்கட்டும்."

"எனக்குத் தொண்ட கட்டியிருக்கு."

"வெளையாடாத. மேல ஆளுக இருக்காக."

"கீழயும் ஆளு இருக்கு. நீங்க பாத்து நாளாச்சு, அதான் தெரியல."

மணி மறுபடி அடித்தது. இன்னொரு மணி அடித்தது. மேலே கதவைத் திறந்து பார்த்திருக்கவேண்டும், ஒரு கூச்சல் கேட்டது, ஒரு கிடாயின் செருமலும் கேட்டது, கதவு சாத்திக்கொண்டது. அதன்பிறகு எல்லா மணியும் ஒன்றாய் அடிக்க ஆரம்பித்தன. அய்யாத்துரை கொஞ்சநேரம் நின்றான். பிறகு தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பஜ்ஜியை எடுத்தான். அவளுக்கும் ஒன்று கொடுத்தான்.

மழைக்குள்ளேயே ஊர் புல்வெளியில் கூடிவிட்டது. மாடி அரை ஜன்னலில் முதலாளியின் அரை முகம் தெரிந்தது.

"ஏ முத்துப்பேச்சி! ஆட்டப் பத்து!"

அவள் சுற்றிக்கொண்டு முன்பக்கத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஆடு எங்க நெலத்துல நிக்கிது மொதலாளி."

ஜன்னலுக்குள் மதுரைத் தாயாரின் குரல் கேட்டது. "வேற படியே இல்லியா? அந்த ஆடுக கெடக்கட்டும், நம்ம மெயின் படி வழியாப் போயிருவோம்." முதலாளியின் அரை முகமும் ஜன்னலிலிருந்து மறைந்தது. அவள் மறுபடியும் கேட்டாள். இத்தனை பெரிய மாளிகையில் மாடிப்படி கிடையாது என்று ஒரு மனிதன் சம்பந்தி முன்னால் சொல்லவேண்டி வந்தது. படத்தில் இல்லை என்று காரணமும் சொன்னார். அதை அவர் சொன்ன குரல் கீழே வரை கேட்டது, ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தது. வீட்டுக்குப் போய்ச் சிரிக்கிற வழக்கம் அன்றைக்குத்தான் முதல்தடவையாய் மீறப்பட்டது.

மாடியில் இருந்தவர்களை ஜன்னல் வழியாய் இறக்கக் குவாரியிலிருந்து ஜேசிபி வரவழைத்தார்கள். டேங்கர் டேங்கராய்த் தண்ணீர் விட்டு வளர்த்த புல்வெளியில் அது பாதி தூரம் வந்து, சக்கரம் வரைக்கும் புதைந்து நின்றது. கடைசியில் வண்ணம் அடிக்கிறவர்களின் மூங்கில் ஏணியைத்தான் முன்பக்கச் சுவரில் சாய்த்தார்கள். கண்ணில் படவேண்டியவர்களுக்கென்று கட்டிய முன்பக்கத்தில், மதுரை ஜவுளிக் குடும்பம் ஒவ்வொருவராய்ப் பட்டுச் சேலையிலும் பட்டு வேட்டியிலும் ஜன்னல் வழியே காலைத் துழாவித் துழாவி இறங்கியது. மழையில் டிஸ்டம்பர் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. இறங்கி வந்தவர்கள் எல்லாரும் முகத்திலும் முழங்கையிலும் இங்கிலாந்து நிறத்தில் இருந்தார்கள். சம்பந்தம் அந்த ஏணியிலேயே முறிந்தது. யாரும் சம்மதம் கேட்டிராத மணப்பெண், கடைசியாய்ச் சடசடவென்று இறங்கி வந்து, முற்றத்துத் தட்டில் மீதமிருந்த பஜ்ஜியைத் தின்றாள்.

முதலாளி இறங்கவில்லை. ஏணியின் முதல் குச்சியில் அவர் காலை வைத்ததும் அது முறிந்து அருளப்பனின் தலையில் விழுந்தது. அவர் மாடியில் தனியாய் நின்றார். கூட்டம் ஜன்னலுக்குக் கீழே நின்றது.

"முத்துப்பேச்சி," என்றார் கடைசியில். இந்தத் தடவை குரலில் ஒரு இறக்கம் இருந்தது. "ஒனக்கு என்ன வேணும்?"

இந்தக் கேள்வியை ஐப்பசியிலிருந்து ஒருவரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எம் வீடு இங்கயே இருக்கும். படியும் எம் படிதான். நீங்க ஏறுங்க, எறங்குங்க, நான் மறிக்கல. எனக்கு மொளகா போடக் காடு வேணும். ஒங்க புல்லு மொளைச்சிருக்கே, அந்த எடத்தத் தாங்க."

"புல்வெளியவா? அது படத்துல..."

ஒரு ஆடு கத்தியது. முதலாளி படத்தைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. ஊர் முன்னிலையில், கிராம நிர்வாக அதிகாரி மஞ்சள் முகத்தோடு சாட்சி நிற்க, சரி என்றார். முத்துப்பேச்சி படியடிக்குப் போய் நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தாள்.

மறுவருஷம் புரட்டாசியில் புல்லைக் கொத்திவிட்டு முத்துப்பேச்சியும் அய்யாத்துரையும் அங்கே மிளகாய் விதைத்தார்கள். அய்யாத்துரையின் கறுப்புக் கோட்டு, காக்கை குருவி விரட்ட நட்டுவைத்த வெருளிக்கு ஆயிற்று. டேங்கர் தண்ணீர் குடித்து ஊறிய மண் இல்லையா, செடி இடுப்பளவு வந்தது. அப்படி ஒரு விளைச்சலை அந்தப் பக்கம் யாரும் கண்டதில்லை. பங்குனியில் பழம் பறித்துக் கொண்டுவந்து, கல் பாவிய முற்றம் முழுக்க, தோரண வாசலிலிருந்து சுழல்படி வரைக்கும், ஓரடி இடம் விடாமல் சிவக்கச் சிவக்கப் பரப்பிக் காயப்போட்டாள்.

அன்று சாயங்காலம் குணசீலன் முதலாளி வழக்கம்போல் சுற்றிக்கொண்டு வந்து தோரண வாசலில் நின்றார். சுற்றிலும் புகைக்கூண்டு நிழலிலும் தூம்புச்சாமி அடியிலும் ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மேலத்தெருக்காரர்களும் இருந்தார்கள், அய்யாத்துரையின் அப்பா அந்த மேலத்தெரு வழியாய் நடந்தபோதெல்லாம் எப்படி நடந்தார் என்பதைக் கண்ணால் பார்த்த வயசுக்காரர்களும் இருந்தார்கள். முதலாளி ஒரு காலைத் தூக்கினார். வற்றலைக் கிளறிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்து, உள்ளபடியே மரியாதையாய்த்தான் சொன்னாள்:

"செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு வாங்க மொதலாளி. மொளகா காயுது."